பிளஸ் ஒன் பிள்ளைகளை மூன்றாம் வகுப்புக்கு அனுப்புங்கள்

வடசென்னையில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியலைச் செய்து காட்ட வெளியிலிருந்து ஆள் தேட வேண்டியதே இல்லை. பக்கத்துத் தெரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிற அக்காக்களும் அண்ணன்களும் போதும். வாரம் ஒரு பீரியட் அவர்களை அனுப்பி வையுங்கள்.

அரசுப் பள்ளிகளில் அறிவியல் சோதனைகளைச் செய்து காட்ட 2022 நவம்பரில் அரசு தொடங்கிய வானவில் மன்றம் நல்ல முயற்சி. ஆனால் அது ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். கண்ணில் பட்டதையெல்லாம் ஏன், எப்படி என்று கேட்கிற வயது அதற்கும் முன்னாலேயே வந்துவிடுகிறதே!

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் பிளஸ் ஒன் படிக்கிற இரண்டு பெண்கள் சாயங்காலத்தில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து இதைச் செய்கிறார்கள். ஒருநாள் மஞ்சள் கரைத்த தண்ணீரை வைத்துக்கொண்டு, "ஆரத்தித் தண்ணி எப்படி சிவப்பாகுது?" என்று கேட்டாள் ஒருத்தி. "குங்குமம் போடுவாங்க" என்றான் ஒருவன். "இல்லக்கா, எங்க ஆயா சுண்ணாம்பு போடும்" என்றாள் இன்னொரு குட்டி. போட்டார்கள், சிவந்தது. எலுமிச்சை பிழிந்தார்கள், திரும்ப மஞ்சளானது. அவ்வளவுதான், பிள்ளைகள் வீட்டுக்கு ஓடி சோப்புத் தூள், புளி, ஆப்ப சோடா, ஷாம்பு என்று கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சோப்புத் தூளில் சிவந்த தண்ணீர் ஷாம்புவில் சிவக்கவில்லை. அதுவும் சோப்பு மாதிரிதானே, ஏன் என்று கேட்டார்கள். "தெரியல, எங்க கெமிஸ்ட்ரி மிஸ்கிட்ட கேட்டுட்டு வரேன்" என்றாள் அந்தப் பெண். எனக்கு அங்கேதான் மனசு நிறைந்தது. லேபில் காரத்தை நிறத்தால் காட்டுகிற பினாப்தலின் சொட்டு விட்டு, நிறம் மாறியதும் ரீடிங்கை ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டு வருகிற பெண், முதல் தடவையாகத் தனக்கே தேவைப்பட்ட ஒரு கேள்வியோடு டீச்சரிடம் போனாள். ஷாம்புவில் காரத்தன்மை அவ்வளவாக இருக்காது, மஞ்சள் காரத்தை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்துகொண்டு வந்தாள். அமிலத்துக்கு வேறு ஒன்று வேண்டுமே! அடுத்த முறை செம்பருத்திச் சாறு வந்தது. அது எலுமிச்சை பட்டால் சிவக்கும், ஆப்ப சோடாவில் பச்சையாகும்.

இவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு, நீட் என்று ஓட வேண்டிய நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர் பயப்படுவது புரிகிறது. ஆனால் எட்டு வயசுப் பிள்ளைக்குப் புரிய வைக்க வேண்டுமென்றால் முதலில் தனக்குப் புரிந்திருக்க வேண்டும். மனப்பாடம் அங்கே செல்லாது. அதனால் முதல் ரேங்க் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி அனுப்பாதீர்கள். சுமாராகப் படிக்கிறவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும்.

எரிமலை மாதிரி நுரை பொங்க வைத்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு கிளம்புவது எனக்குப் பிடிக்கவில்லை. பெரியவன் செய்ய, சின்னவன் வேடிக்கை பார்ப்பதில் என்ன இருக்கிறது? பொருள் பிள்ளைகள் கையில்தான் இருக்க வேண்டும். விடையை உடனே சொல்லிவிடவும் கூடாது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ரொம்பக் கஷ்டமான பாடம் இதுதான் என்று நினைக்கிறேன், வாய் துறுதுறுக்கும்.

செலவும் பெரிதாக ஆகாது. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை நம் கடற்கரை மணலில் புரட்டினால் கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். மேக்னடைட் என்கிற இரும்புத் தாது அது. தினமும் அந்த மணலில் விளையாடுகிற காசிமேட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன வேண்டும்? மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-ல் தொடங்கி 2002 வரை, கிராமத்துப் பள்ளிகளில் இப்படி எளிய பொருட்களை வைத்தே அறிவியல் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நெருப்பு, ஆசிட், கண்ணாடிச் சாமான் வேண்டாம். வகுப்பு டீச்சர் கூடவே இருக்கட்டும். அப்புறம், இது தன்னார்வலர் வேலையாக அல்லாமல் டைம்டேபிளிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் பரீட்சை வந்ததும் முதலில் இதைத்தான் நிறுத்துவார்கள்.

கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்துத் தலைமையாசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். பொருள் வாங்குவது, பிள்ளைகளைக் கூட்டிப் போய் விட்டுவிட்டு அழைத்து வருவது எல்லாவற்றையும் எங்கள் தெருப் பெற்றோர் சிலர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம்.