சுருட்டுதான் ஷெரூட்

சனிக்கிழமை வினாடி வினாவைப் பற்றிப் பலரும் எழுதி ஓய்ந்துவிட்டீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. திரையில் இருந்த 'ஷெரூட்' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் தமிழ் என்று சரியாகச் சொன்ன மாணவியிடம், பிரெஞ்சு என்பதே விடை என்று கூறி நடுவர்கள் மதிப்பெண்ணை மறுத்தார்கள். அவள் அதைச் 'செரூட்' என்று வாசித்ததற்காக மேடையிலேயே சிரிக்கவும் செய்தார்கள்.

ஷெரூட் என்பது நம் சுருட்டு. ஆங்கிலத்தில் கலந்த இந்தியச் சொற்களுக்காக 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே இதைத் தமிழ்ச் சொல் என்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். இரு முனையும் வெட்டப்பட்ட புகையிலைச் சுருளுக்கே இப்பெயர் உரியது என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள்.

பிரெஞ்சு வழியாகத்தானே ஆங்கிலத்துக்குப் போனது என்பீர்கள். ஆம், அதனால்தான் சி, எச் என்று எழுதிவிட்டு 'ஷ' என்று ஒலிக்கிறார்கள். வழியில் தங்கிய வீடு பிறந்த வீடாகிவிடுமா? மேலும், அந்த இரண்டு எழுத்துகளைக் கண்டால் 'ச' என்று படிக்கத்தான் பள்ளியில் கற்றுத்தருகிறோம். அப்படிப் படித்த குழந்தையைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது?

என் அப்பாயி உறையூரில் சுருட்டு சுற்றியவர். ஈரப் புகையிலையின் நடு நரம்பைக் கிழித்தெடுத்து, துண்டு இலைகளை உள்ளே வைத்து, பலகையில் உள்ளங்கையால் உருட்டி, நுனியை ஒரே வெட்டில் நறுக்குவார். விரல்களில் ஏறிய பழுப்புக் கறை, அவர் இறந்த அன்றும் போகவில்லை. சுருட்டுவதால் சுருட்டு என்பதை நான் அந்தக் கைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

புகையிலைக்குப் பெருமை பேசலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்பாயியின் இருமலைக் கேட்டு வளர்ந்தவனிடம் அதைச் சொல்ல வேண்டாம். நான் பேசுவது சொல்லைப் பற்றி. ஒரு மதிப்பெண்தானே என்றும் சிலர் சொல்கிறீர்கள். சரியான விடையைச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்தவள் அவள். அதைச் சிறிது என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. எங்கள் ஊர்க் கைகளில் பிறந்த சொல்லை எங்கள் பிள்ளையே சொல்லும்போது தவறு என்றால், வேறு யார் சொன்னால் ஏற்பீர்கள்?

அந்த அகராதிப் பக்கத்தைப் படமெடுத்து நேற்று நடுவர்களுக்கு அனுப்பிவிட்டேன். இன்று மாலை வரை பதில் வரவில்லை.