கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்காது
“மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய்ப்பறவை சேர்க்காது, வீட்டுக்கு எடுத்து வந்து பால் கொடுங்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நம் வாடை பட்டதற்காகப் பறவைகள் குஞ்சைக் கைவிடுவதில்லை. இறகு முளைக்காத குஞ்சு விழுந்து கிடந்தால் எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடலாம்.

இறகோடு தத்தித் தத்திப் போகிறதா? பெரும்பாலும் அது பறக்கப் பழகுகிற குஞ்சுதான். சின்னான் (கொண்டைக்குருவி) குஞ்சுகள் சுமார் 12 நாளில், சரியாகப் பறக்க வரும் முன்பே கூட்டை விட்டு இறங்கிவிடும். அப்புறமும் தாயும் தந்தையும் தேடி வந்து ஊட்டும். தவிட்டுக்குருவி என்றால் கூட்டத்தில் உள்ள மற்றவையும் சேர்ந்து ஊட்டும், பார்க்கவே அவ்வளவு அழகு! நாம் பக்கத்திலேயே நின்றால் அவை வரத் தயங்கும். பூனை வராமல் பார்த்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள். பால் மட்டும் வேண்டவே வேண்டாம், பறவைகளுக்கு அது செரிக்காது.