அந்த ஜன்னல் பெரியப்பாவுடையது

மெதுவாகப் போகிறது என்பதற்காக நான் தாய்லாந்தின் அந்த ரயிலைத் திட்டவில்லை. பாங்காக் தோன்புரியில் காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பினால் ‘நாம் தோக்’ என்ற கடைசி நிலையம் போய்ச் சேர மதியம் பன்னிரண்டரை ஆகும். ஆகட்டும். மூன்றாம் வகுப்பு மட்டும்தான், ஏசி கிடையாது. கூரையில் சுற்றுகிற ஃபேன் அனலை அள்ளி நம் தலையிலேயே கொட்டும். நோங் பிளாடுக் தாண்டினால் ஒற்றைத் தண்டவாளம், எதிர்வண்டி வரும்வரை தேவுடு காக்கவேண்டும். வெளிநாட்டுக்காரர் என்றால் 100 பாட். எதிரே உட்கார்ந்திருக்கும் தாய்லாந்துப் பாட்டி அதில் பாதிகூடக் கொடுத்திருக்க மாட்டார். அதுவும் போகட்டும். கூடையோடு ஏறுகிற அக்காவிடம் சுட்ட கோழியும் பசையரிசிச் சோறும் வாங்கிக்கொண்டால் எல்லாம் மறந்துபோகும்.

என் வயிற்றெரிச்சல் இடையில் ஏறுகிற கூட்டத்தைப் பற்றியது.

பெரியப்பாவுக்கு 83 வயது. மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்திருந்தார். அவருடைய அப்பாவை 1943-இல் ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் போட ஜப்பான்காரன் கொண்டுபோனான். போனவர் போனவர்தான். சயாம்–பர்மா மரண ரயில் பாதை, 415 கிலோமீட்டர். இந்த ரயில் ஓடுவது அதில் மிஞ்சிய துண்டில்தான். போர்க்கைதிகளில் மட்டும் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள், தோட்டத்துத் தமிழர்களையும் மற்ற ஆசியத் தொழிலாளர்களையும் சேர்த்தால் அதைவிடப் பல மடங்கு. காஞ்சனபுரியில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, புல் வெட்டி, பூச்செடி வைத்து, வரிசையாக இருக்கின்றன. பெரியப்பா தேடுவதற்கு அப்படி ஒரு வரிசை இல்லை. அதனால்தான் அந்தப் பாதையையாவது பார்க்க ஆசைப்பட்டார்.

தாம் கிராசே என்ற இடத்தில் மரக்கால்கள் மேல் நிற்கும் பாலத்தில், மலைப்பாறையை உரசிக்கொண்டு, கீழே குவே நோய் ஆறு ஓட, வண்டி ஆமை வேகத்தில் ஊரும். போகும்போது ஆறு இடப்பக்கம். அதற்காகவே ஆறரை மணிக்கே ஸ்டேஷனுக்குப் போய் இடப்பக்க ஜன்னலைப் பிடித்தேன். நாலு மணி நேரம், கரும்புக் காடும் மரவள்ளியும் தவிர ஒன்றும் இல்லாத இடத்திலும், பெரியப்பா அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை. ஒன்றுக்குக்கூடப் போகவில்லை!

பாலத்துக்குச் சற்று முன்னால் ஒரு நிலையத்தில் சுற்றுலாக் கூட்டம் ஏறியது. நாற்பது பேர் இருக்கும். பாலம் தாண்டியதும் அவர்களுடைய பஸ் காத்திருக்கும், அதுவரைக்கும்தான் இவர்களுக்கு ரயில். பாறை தெரிந்ததுமே அத்தனை பேரும் இடப்பக்கம் பாய்ந்தார்கள். ஒருத்தி பெரியப்பாவின் தோளில் முழங்கையை ஊன்றி செல்ஃபிக் குச்சியை வெளியே நீட்டினாள். இன்னொருவன் அவர் மடியைத் தாண்டிச் சாய்ந்து வீடியோ எடுத்தான். அவன் கழுத்திலிருந்து சன்ஸ்கிரீன் கலந்த வியர்வை பெரியப்பாவின் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. "கொஞ்சம் தள்ளுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன், தாய்லாந்து மொழியில் சொன்னேன், கடைசியில் தமிழில் கத்தினேன். பல்லைக் காட்டி "சாரி" என்றான். கையை எடுக்கவில்லை.

ஏன் ஐயா, கண் என்று இரண்டு இருக்கிறதே, அது எதற்கு? நாலு மணி நேரம் குண்டி காய உட்கார்ந்து வந்தவனுக்கு முதுகு தரிசனம், பத்து நிமிடத்துக்கு ஏறினவனுக்கு ஆறும் பாறையுமா? தூங்கிவழிந்த தாய்லாந்துப் பாட்டிகூட எழுந்து என்னவோ அதட்டிப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

பாலம் முடிந்தது. அடுத்த நிலையத்தில் திபுதிபுவென்று இறங்கிப் போய்விட்டார்கள். காலி சீட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது. பெரியப்பா சட்டையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"ஏய்யா, திரும்பிப் போறப்ப ஆறு வலப்பக்கம்தானே வரும்?"

நாம் தோக்கில் இறங்கியதும் சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை. அதே வண்டிதான் ஒரு மணி வாக்கில் திரும்புகிறது என்றார்கள். மறுபடி ஏறி ஓடினேன். வலப்பக்க ஜன்னலோரம் அத்தனையிலும், ஒன்று விடாமல், முதுகுப்பைகள் உட்கார்ந்திருந்தன.