பேப்பர் எத்தனை என்று ஹிக்ஸிடமும் கேட்டார்கள்

எடின்பரோ பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ஆசிரியர்களுக்கு அவ்வப்போது ஒரு சுற்றறிக்கை வரும். அண்மையில் வெளியிட்ட கட்டுரைகளின் பட்டியலைக் கொடுங்கள் என்று கேட்கும். பீட்டர் ஹிக்ஸ் அதில் 'எதுவும் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். 2013இல் நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போகிற வழியில் கார்டியன் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் அவரே சொன்னது இது. ஆராய்ச்சி மதிப்பீடு நடக்கும் காலங்களில் துறைக்கே தான் ஒரு சங்கடமாக இருந்ததாகவும், இன்றைக்கு வேலை தேடினால் தனக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைக்காது என்றும் அதே பேட்டியில் சொன்னார். 1964க்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அவர் வெளியிட்ட கட்டுரைகள் பத்துக்கும் குறைவு.

ஆராய்ச்சிப் படிப்புக்கு வழிகாட்டியாக இருக்கிற ஒவ்வொருவரும் இந்த மனிதரின் கதையை ஒருமுறையாவது முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. 2012இல் ஹிக்ஸின் பெயரைத் தாங்கிய துகளைக் கண்டுபிடித்தபோது நம் பத்திரிகைகள் அதைக் 'கடவுள் துகள்' என்று எழுதியதோடு நமக்கு அவர் கதை முடிந்துபோய்விட்டது. அந்தப் பெயரே அவருக்குப் பிடிக்காது. அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் நம்பிக்கை உள்ளவர்கள் மனம் புண்படுமே என்று அவர் கவலைப்பட்டார்.

1929இல் நியூகாசிலில் பிறந்தவர். சிறு வயதில் ஆஸ்துமா, பள்ளிக்கு ஒழுங்காகப் போக முடியாமல் வீட்டில் படித்த நாட்கள் உண்டு. அப்புறம் பிரிஸ்டலில் சேர்ந்த காதம் பள்ளியின் கௌரவப் பலகையில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கிறார்: பால் டிராக். யார் இவர் என்று தேடிப் போனதில்தான் கோட்பாட்டு இயற்பியல் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1954இல் முனைவர் பட்டம், 1960இல் எடின்பரோவில் விரிவுரையாளர் வேலை.

அப்போது துகள் இயற்பியலில் இரண்டு தொல்லைகள் இருந்தன. சிலவகை அணுக்கருச் சிதைவுக்குக் காரணமான 'வலுவற்ற விசை' மிக மிகக் குறுகிய தூரத்தில்தான் வேலை செய்யும். அப்படியென்றால் அதைச் சுமக்கும் துகள்கள் கனமாக இருந்தாக வேண்டும். ஆனால் சமச்சீர்மை உள்ள, அதாவது சில மாற்றங்கள் செய்தாலும் வடிவம் மாறாத, சமன்பாடுகளோ, இந்த வகைத் துகள்கள் ஒளித்துகள் மாதிரி நிறையே இல்லாமல் இருக்க வேண்டும் என்கின்றன. சரி, சமச்சீர்மையை உடைத்துப் பார்க்கலாம் என்றால் நிறையில்லாத வேறு ஒரு துகள் வந்து நிற்கிறது, அப்படி ஒன்றை யாரும் பார்த்ததே இல்லை. இந்த இரண்டு தொல்லைகளும் ஒன்றையொன்று விழுங்கிவிடும் என்பதுதான் 1964 ஜூலையில் ஹிக்ஸ் கண்டது. வேண்டாத அந்தத் துகளை விசைத் துகள் உள்வாங்கிக்கொண்டு தானே கனமாகிவிடும்! ஸ்காட்லாந்து மலையில் நடந்துகொண்டிருந்தபோது பளிச்சென்று தோன்றியது என்று ஒரு கதை உலவுகிறது, அப்படியெல்லாம் நடக்கவில்லை என்று அவரே மறுத்திருக்கிறார்.

இரண்டு சின்னக் கட்டுரைகள் எழுதினார். முதலாவதை ஜெனீவாவில், செர்ன் ஆய்வகத்தில் இருந்த பிசிக்ஸ் லெட்டர்ஸ் ஆய்விதழின் ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். இரண்டாவதுதான் முக்கியமானது, அது திரும்பி வந்துவிட்டது. இதனால் என்ன பயன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. ஹிக்ஸ் அதை அப்படியே கிடப்பில் போடாமல், எழுதியதை இன்னும் கொஞ்சம் விரித்து, இப்படி நடந்தால் நிறையுள்ள ஒரு புதுத் துகள் மிஞ்ச வேண்டும் என்ற பகுதியைச் சேர்த்து அமெரிக்காவின் பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸுக்கு அனுப்பினார். அது 1964 அக்டோபர் 19இல் வெளிவந்தது. பிற்பாடு உலகமே தேடிய ஹிக்ஸ் போசான் அந்தச் சேர்க்கையில் இருக்கிறது. திருப்பி அனுப்பிய அதே செர்னில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் ஒரு சுரங்க வளையத்தில் புரோட்டான்களை மோதவிட்டு 48 ஆண்டு கழித்து அதைக் கண்டுபிடித்தார்கள்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது அவர் ஒருவருக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை. பெல்ஜியத்தில் பிரௌட்டும் ஆங்லேரும் அவருக்குச் சில வாரம் முன்பே வெளியிட்டுவிட்டார்கள், கொஞ்சம் தள்ளி குரால்னிக், ஹேகன், கிப்பிள் மூவரும். பிரௌட் 2011இல் இறந்துபோனார், துகள் கிடைத்ததைப் பார்க்காமலே.

நம் உடம்பின் எடையெல்லாம் ஹிக்ஸ் புலத்தால் (வெளியெங்கும் பரவியிருந்து துகள்களுக்கு நிறை கொடுப்பது) வருகிறது என்று எழுதுகிறார்கள், அது தவறு. நம் எடையில் பெரும்பங்கு புரோட்டான், நியூட்ரானுக்குள் குவார்க்குகளைப் பிணைத்து வைத்திருக்கும் ஆற்றலிலிருந்து வருகிறது. ஆனால் எலக்ட்ரானுக்கு நிறை கொடுப்பது ஹிக்ஸ் புலம்தான், எலக்ட்ரானுக்கு நிறை இல்லாவிட்டால் அணுவே இல்லை, அணு இல்லாவிட்டால் இதை எழுத நானும் இல்லை.

1967இல் இயற்பியலாளர்கள் வைன்பர்க்கும் அப்துஸ் சலாமும் இந்த யோசனையை எடுத்து வலுவற்ற விசைக்குப் பொருத்தினார்கள். துறை வேகம் பிடித்தது. ஹிக்ஸ் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 1970களில் மணவாழ்க்கை முறிந்தது, புதிய கணித முறைகளில் தான் பின்தங்கிவிட்டதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். பாடம் நடத்தினார், மாணவர்களைப் பார்த்துக்கொண்டார், 1996இல் ஓய்வு பெற்றார். 1980இல் தன் பெயர் நோபல் பரிந்துரையில் இல்லாமல் இருந்திருந்தால் வேலையை விட்டே அனுப்பியிருப்பார்கள் என்பது அவர் கணிப்பு.

இங்கே எங்கள் உலகத்தில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி "எத்தனை பேப்பர்?", அடுத்தது "ஸ்கோபஸா?", அதாவது ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் இருக்கிற இதழில் வந்ததா என்று. என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டவரை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஆண்டு இறுதிப் படிவத்தில் பேப்பருக்கென்று ஒரு கட்டம் இருக்கும், அதில் எண்ணை மட்டும்தான் எழுத முடியும், ஒரு வரி எழுதக்கூட இடம் கிடையாது. ஒரே வேலையை மூன்றாக வெட்டி மூன்று பேப்பர் ஆக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்துப் பெயர் சேர்த்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022இல் எடுத்துவிட்டது, நல்ல காரியம். ஆனால் அந்தக் கேள்வி எங்கள் வராந்தாவை விட்டுப் போகவில்லை.

பேப்பர் போடாத எல்லோரும் ஹிக்ஸ் ஆகிவிடுவார்களா என்று கேட்பீர்கள். மாட்டார்கள். சும்மா இருந்து சம்பளம் வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் சும்மா இருப்பவரையும் யோசித்துக்கொண்டிருப்பவரையும் பிரித்துக் காட்ட எண்ணிக்கையால் முடியாது, அந்த ஆள் எழுதியதை இன்னொரு ஆள் உட்கார்ந்து படித்தால்தான் முடியும். அதற்கு நேரம் இல்லை என்பதால்தான் எண்ணுகிறோம். 1964இல் அந்தக் கட்டுரையைப் படித்து முடிவு சொன்ன நடுவர்களில் ஒருவர் நாம்பு, பின்னாளில் அவரே நோபல் பெற்றவர். ஆங்லேர், பிரௌட் கட்டுரையோடு உங்களுடையது எப்படித் தொடர்புபடுகிறது என்று எழுதுங்கள் என்று அவர் ஹிக்ஸிடம் கேட்டார். முழுசாகப் படித்தவர் கேட்கிற கேள்வி அது!

2013 அக்டோபர் 8, நோபல் அறிவிக்கும் நாள். ஹிக்ஸிடம் கைபேசி கிடையாது. தொல்லை வேண்டாமென்று வீட்டை விட்டுக் கிளம்பி லீத் துறைமுகப் பக்கம் போய் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்து வருகிறார். ஒரு கார் நிற்கிறது. பழைய பக்கத்து வீட்டுக்காரப் பெண்மணி இறங்கி வந்து வாழ்த்துச் சொல்கிறார். "என்ன செய்தி?" என்று ஹிக்ஸ் கேட்டார். லண்டனிலிருந்து மகள் போன் செய்து பரிசு விஷயத்தைச் சொன்னாளாம். அப்போது அவருக்கு 84 வயது. 2024 ஏப்ரலில் எடின்பரோ வீட்டிலேயே இறந்தார்.

என்னிடம் பிஎச்டி செய்யும் மாணவி ஒருத்திக்கு இது மூன்றாவது ஆண்டு. ஒரு கணக்கில் ஏழு மாதமாக மாட்டிக்கொண்டு நிற்கிறாள், பேப்பர் இன்னும் ஒன்றுகூட வரவில்லை, போன வாரம் என் அறையில் வந்து அழுதுவிட்டாள். ஆராய்ச்சிக் குழுக் கூட்டத்தில் நான் பேசிக்கொள்கிறேன், நீ கணக்கைப் பார் என்று சொல்லியிருக்கிறேன். அந்த 1964 கட்டுரையையும் அச்செடுத்துக் கொடுத்தேன். மொத்தமே ஒன்றரைப் பக்கம்தான்.