காணாமல் போகும் ஹேட்ச்

ஆட்டோகேட் வரைபடத்தில், சுவரின் வெட்டுத்தோற்றத்தில் நேற்று மாலை வரை ஒழுங்காகத் தெரிந்த ஹேட்ச் என்னும் நிரப்புக் கோடுகள், இன்று காலை கோப்பைத் திறந்ததும் சுவடின்றி மறைந்திருந்தால் எந்த வரைவாளருக்குத்தான் எரிச்சல் வராது? லேயர் என்னும் வரைபட அடுக்கு அணைந்திருக்கிறதா, உறைந்திருக்கிறதா என்று அரை மணி நேரம் தேடிய பிறகே, நிரப்புகளைக் காட்டுவதா மறைப்பதா என்று தீர்மானிக்கும் ஃபில்மோட் என்னும் மாறியின் மதிப்பு 0 ஆகக் கிடப்பது எனக்குத் தெரிந்தது. அதை 1 ஆக்கினால் மட்டும் போதாது. வரைபடத்தைத் திரையில் மறுபடி உருவாக்கும் ரீஜென் கட்டளையும் கொடுத்தால்தான் கோடுகள் திரும்பி வரும். இந்த மதிப்பு கோப்புடனேயே சேமிக்கப்படுவதால், யாரோ எப்போதோ வேகத்திற்காக அணைத்துவைத்த பாவத்தை நாம் சுமக்க வேண்டியிருக்கிறது.

அளவுச் சிக்கல் இதைவிடக் கொடியது. ஆன்சி 31 என்னும் சாய்கோட்டு ஹேட்ச் வடிவத்தின் கோட்டிடைவெளி அங்குலக் கோப்பில் 0.125, மெட்ரிக் கோப்பில் அதன் 25.4 மடங்கான 3.175. மில்லிமீட்டரில் வரைந்த 230 அகலச் சுவருக்குள் அங்குல வடிவம் நுழைந்துவிட்டால், கோடுகள் நெருங்கி மை கொட்டியதுபோல் ஒரே கறுப்பாகிவிடும். பதறிப்போய் அளவை மிகையாகக் கூட்டினாலோ ஒரு கோடுகூட எல்லைக்குள் விழாமல் வெற்றிடமே எஞ்சும்.

நில அளவை ஆயங்களில் வரைந்த கோப்புகளில், ஆதிப்புள்ளி பல லட்சம் அலகுகள் தள்ளியிருப்பதால் கோடுகள் கோணலும் மாணலுமாகச் சிதைவதும் உண்டு. ஹேட்ச்சின் தொடக்கப்புள்ளியைச் சுவருக்கு அருகே மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இத்தனையும் சரிசெய்து அச்சுக்கு அனுப்பினால், திடநிற ஹேட்ச் ஒன்று எழுத்துகளின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எது மேலே, எது கீழே என்று வரிசைப்படுத்த ட்ராஆர்டர் என்று தனியாக இன்னொரு கட்டளை!