எந்த ஊருக்கு அண்ணாச்சி?

ஹோமில், அதாவது குழந்தைகள் இல்லத்தில், வளர்ந்து ரேங்க் எடுத்த ஒரு தம்பிக்குப் பாளையங்கோட்டையில் நடந்த அந்தப் பாராட்டு விழா வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்தேன், மூன்று தடவை. "யாருமே இல்லாத பிள்ளை, தன்னம்பிக்கையை மட்டும் வைத்து ரேங்க் எடுத்திருக்கிறான்" என்று சிறப்பு விருந்தினர் சொன்னதும் ஒரே கைதட்டல். அந்தத் தம்பி சால்வையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

நானும் ஹோமில் வளர்ந்து கல்லூரிக்குப் போனவன்தான். தன்னம்பிக்கைக்கு எங்களிடம் குறைச்சலே கிடையாது. பொங்கல் லீவில் தூங்கத்தான் இடம் கிடையாது.

இரண்டாம் வருஷம் விடுதியைப் பூட்டும் நாள். எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் ஹோமில் என் கட்டிலில் வேறொரு பையன். வாட்ச்மேன் அண்ணாச்சி "ஏல, இன்னும் ஊருக்குக் கெளம்பலியா?" என்றார். "சாயங்காலம் வண்டி அண்ணாச்சி" என்று அளந்துவிட்டு, ஜங்ஷனில் போய் உட்கார்ந்தேன். சென்னை வண்டியில் வந்தவர்களெல்லாம் ஊர் வந்துவிட்டது என்று இறங்குகிறார்கள். வெளியே கரும்பும் பனங்கிழங்குக் கட்டுமாக ஜனம். ராத்திரி பிளாட்பாரம் காலியானதும் போலீஸ்காரர் கண்ணில் நான் பட்டேன். மிச்சத்தை எழுத வேண்டாம்.

"அரசுதான் தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் என்று மாதம் 1,000 ரூபாய் தருகிறதே" என்பீர்கள். தருகிறது, நல்ல திட்டம். மெஸ் மூடிக்கிடக்கும்போது அது எத்தனை வேளைக்கு வரும்? 18 முடிந்து ஹோமை விட்டு வருகிறவர்களுக்கு 21 வயது வரை உதவலாம் என்று 2015 இளைஞர் நீதிச் சட்டமும் விதிகளும் சொல்கின்றன. அப்படி ஒன்று இருப்பதே எனக்குப் படிப்பு முடிந்த பிறகுதான் தெரியும்.

"வளர்த்த கையைக் கடிக்கிறான்" என்று வருகிறவர்கள் தயவுசெய்து வேறு பதிவுக்குப் போங்கள். ஒரு குண்டான் சாம்பாரை நாற்பது தட்டுக்குச் சமமாக ஊற்றிய அக்காமாரை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என்னோடு பிளஸ் டூ முடித்த ஆறு பேரில் டிகிரி வாங்கியது இரண்டு பேர். மற்ற நாலு பேருக்கும் தன்னம்பிக்கை இல்லையா? எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் இன்று செருப்புக்கடையில் நிற்கிறான். தன்னம்பிக்கையால்தான் ஜெயித்தேன் என்று மேடையில் என்னை ஏற்றினால், தப்பு அவன் மேல் என்று ஆகிவிடாதா? அந்த மைக்கில் யாராவது விடுதிச் சாவியைப் பற்றிப் பேசினார்களா?

அப்புறம், அவனுக்கு "யாருமே இல்லை" என்று யார் சார் உங்களுக்குச் சொன்னது? வீடியோவில் கடைசி வரிசையில் நாற்காலி மேல் ஏறி விசிலடிக்கிறான்களே, அந்தப் பயல்கள் யாராம்?

செமஸ்டர் லீவுக்கு அவன் எங்கே தங்கப் போகிறான் என்று மட்டும் யாராவது கேட்டுச் சொல்லுங்கள். எங்கள் மாடி ரூம் சும்மாதான் கிடக்கிறது.