"சின்னக் கீறல்தானே" என்று கேட்டவருக்கு

"டாக்டரிடம் கூட்டிப்போய், மரத்துப்போக ஊசி போட்டு, சுத்தமான கருவியால் லேசாக ஒரு கீறல். இதற்குப் போய் இவ்வளவு கூச்சலா?"

போன வாரம் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். நன்றாகப் படித்தவர், இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். பேச்சு பெண் உறுப்புச் சிதைப்பு, அதாவது சடங்கு என்ற பெயரில் சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கம் பற்றி. அந்த நேரத்தில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. கோபம்தான் முன்னால் வந்து நின்றது. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

என் தோழி ஒருத்தி தாவூதி போரா என்ற ஷியா முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்தவள். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பாட்டி கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறார். ஒரு பழைய வீட்டின் மாடி அறை, முன்பின் தெரியாத ஓர் அம்மாள், தரையில் விரித்த துணி. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. திரும்பும் வழியில் ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுத்தார்கள், யாரிடமும் சொல்லக்கூடாது என்ற உத்தரவோடு. இருபது வருடங்களுக்கும் மேலாக அவள் சொல்லவில்லை. என்னிடம் முதன்முதலாகச் சொன்னபோது அழவும் இல்லை. "வலி மறந்துபோச்சு. பாட்டி என் காலை அமுக்கிப் பிடிச்சிருந்தது மட்டும் மறக்கவே இல்லை" என்றாள்.

அந்தச் சமூகத்தில் இதைக் கத்னா என்பார்கள், கஃப்ஸ் என்றும் சொல்வார்கள். வெட்டி எடுக்கும் துணுக்குக்கு 'ஹராம் கீ போட்டி' என்று பெயர். விலக்கப்பட்ட சதை என்று பொருள். பிறக்கும்போதே உடம்போடு வந்த ஒன்று ஏழு வயதில் எப்படிப் பாவமாகிறது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

அந்தச் சதை எது? கிளிட்டோரிஸ் (பெண்ணின் பிறப்புறுப்பில் மேல்பக்கம் இருக்கும், இன்பத்தை உணரும் உறுப்பு), அல்லது அதை மூடியிருக்கும் மேல்தோல். வெளியே தெரிவது நுனி மட்டும்தான், பெரும்பகுதி உள்ளே இருக்கிறது என்பதை ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998-ல் விரிவாக வெளியிட்டார். அதற்குச் செல்லும் நரம்பிழைகள் 10,000-க்கும் மேல் என்று 2022-ல் எண்ணிச் சொன்னார்கள். "தோலை மட்டும்தான் எடுக்கிறோம்" என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். சிறு வயதில் அந்தத் தோல் நுனியோடு ஒட்டியே இருக்கும். மொத்த அளவே சில மில்லிமீட்டர். திமிறுகிற குழந்தையின் உடலில் தோலோடு நிறுத்திக்கொள்வது எந்தக் கைக்கும் உறுதியில்லை.

உலக சுகாதார நிறுவனம் இதை நான்கு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையில் கிளிட்டோரிஸின் வெளிப்பகுதி அல்லது மேல்தோல் போகும். இரண்டாவதில் அதோடு பிறப்புறுப்பின் உள்ளுதடுகளும் போகும். மூன்றாவதுதான் மிகக் கொடியது. உதடுகளை வெட்டி ஒன்றோடொன்று ஒட்டும்படி மூடி, சிறுநீரும் மாதவிடாய் ரத்தமும் கசிய ஒரு சிறு துளையை மட்டும் விடுவார்கள். சோமாலியா, ஜிபூட்டி, சூடான் ஆகிய நாடுகளில் இது பரவலாக இருந்து வந்திருக்கிறது. திருமணம் ஆனால் திறக்க வேண்டும், பிரசவம் என்றால் மறுபடி வெட்ட வேண்டும், அதன் பிறகு சிலருக்குத் திரும்பவும் தைப்பார்கள். குத்துவது, கீறுவது, சுரண்டுவது, சூடு வைப்பது எல்லாம் நான்காவது வகை. நண்பர் சொன்ன 'சின்னக் கீறல்' இந்தப் பட்டியலில்தான் வருகிறது. எந்த வகையாக இருந்தாலும் உடலுக்கு ஒரு நன்மையும் கிடையாது.

ரத்தப்போக்கு, சீழ், சிறுநீர் அடைப்பு எல்லாம் உடனே வருபவை. உடலுறவில் வலியும், அந்த நினைவு கிளம்பும்போதெல்லாம் வரும் நடுக்கமும் ஆயுளுக்கும் கூட வரும். பிரசவ மேஜையில் என்ன நடக்கிறது என்பதை ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,393 பெண்களிடம் ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார்கள். மூன்றாம் வகைக்கு உள்ளான பெண்களுக்குச் சிசேரியன் 31 சதவீதமும், பிரசவத்துக்குப் பின் பெரும் ரத்தப்போக்கு 69 சதவீதமும் அதிகம். இந்த வழக்கத்தால் 100 பிரசவங்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு குழந்தைகள் கூடுதலாக இறக்கின்றன என்றும் கணக்கிட்டார்கள். தாய்க்குச் சிறு வயதில் நடந்ததற்கு, பிறக்கப்போகும் பிள்ளை விலை கொடுக்கிறது.

சரி, டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். என் பயமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

யுனிசெஃப் 2024-ல் தந்த கணக்குப்படி, இதற்கு உள்ளாகி இன்று உயிரோடு இருக்கும் பெண்களும் சிறுமிகளும் 23 கோடிக்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இதைச் செய்தவர்கள் மருத்துவப் பணியாளர்கள். எகிப்தில் பெரும்பாலான சிறுமிகளுக்கு இப்போது இதைச் செய்வதே டாக்டர்கள்தான். அந்த நாட்டில் 2007-ல் 12 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். 2013-ல் 13 வயதுச் சிறுமி. 2020 ஜனவரியில் மறுபடி ஒரு 12 வயதுக் குழந்தை. மூவரையுமே டாக்டரிடம்தான் கூட்டிப்போயிருந்தார்கள். 2008-ல் சட்டம் வந்தது, 2016-ல் கடுமையாக்கினார்கள், 2021-ல் இன்னும் கடுமையாக்கினார்கள்.

இந்தோனேசியாவில் சுகாதார அமைச்சகம் 2006-ல் மருத்துவப் பணியாளர்கள் இதைச் செய்யக்கூடாது என்றது. 2010-ல் அதே அமைச்சகம், செய்வதானால் இப்படிச் செய்யுங்கள் என்று விதிமுறை வகுத்துக் கொடுத்தது! எதிர்ப்புக்குப் பிறகு 2014-ல் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2010-ல், பெற்றோர் குழந்தையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக வெட்டுவதைத் தடுக்க ஓர் ஊசிக்குத்தை அனுமதிக்கலாமே என்று யோசனை சொல்லி, ஒரே மாதத்தில் பின்வாங்கியது. நல்ல எண்ணத்தில் சொன்னதாகவே இருக்கட்டும். வெள்ளை அங்கி போட்டவர் கையில் எடுத்தவுடன் அது வைத்தியமாகிவிடுகிறது. காதுகுத்து போல, தடுப்பூசி போல. பாட்டிக்கு மனதோரம் இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் அதோடு போய்விடும்.

ஆஸ்திரேலியாவில் இந்த 'சின்னக் கீறல்' வாதமே நீதிமன்றம் ஏறியது. இரண்டு சிறுமிகள் தொடர்பான வழக்கு, போரா குடும்பம். பெரிய காயம் இருந்தால்தான் சிதைப்பு என்று சொல்லி 2018-ல் மேல்முறையீட்டில் விடுவித்தார்கள். 2019 அக்டோபரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கீறலும் சிதைப்புதான் என்றது. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று என் தோழிதான் நினைவுக்கு வந்தாள்.

மதம் சொல்கிறது என்பார்கள். குர்ஆனில் இது இல்லை. எகிப்தில் கிமு 163-ஐச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் ஏட்டிலேயே இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது, இஸ்லாம் தோன்றப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு. அங்கே காப்டிக் கிறிஸ்தவர்களிடமும் இந்த வழக்கம் உண்டு. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் இது வழக்கமில்லை. எகிப்தின் தலைமை முஃப்தியே 2007-ல் இது தடுக்கப்பட்டது என்று அறிவித்தார். எனவே இதை வைத்து ஒரு மதத்தையே ஏச வருபவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே வர வேண்டாம். அவர்களுடைய கூச்சலால்தான் உள்ளே இருந்து எதிர்க்கும் பெண்களின் வாய் முதலில் அடைபடுகிறது.

தாய்மார்களை அரக்கிகளாக்குவதும் வேண்டாம். மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்ற கவலையில்தான் காலைப் பிடிக்கிறார்கள். சூடானில் வெட்டப்படாத பெண்ணைக் குறிக்கும் 'கல்ஃபா' ஒரு வசைச்சொல். காம்பியாவில் 'சொலிமா'. ஊரே அந்தச் சொல்லால் மகளைக் கூப்பிடும் என்றால் எந்தத் தாய்க்குத்தான் துணிச்சல் வரும்?

சட்டம் மட்டும் போதாது என்பதற்குக் கென்யாவில் ஒரு பழைய கதை உண்டு. 1956-ல், ஆங்கிலேயர் ஆட்சியில், மேரு பகுதியில் இதைத் தடை செய்தார்கள். அங்கிருந்த சிறுமிகள் 'நானே எனக்குச் செய்துகொள்வேன்' என்று கிளம்பி, ஒருவருக்கொருவர் வெட்டிக்கொண்டார்கள்.

செனகலில் நடந்தது வேறு. மாலிகுண்டா பம்பாரா என்ற கிராமத்துப் பெண்கள் வகுப்புகளில் உடல்நலமும் உரிமையும் படித்துவிட்டு, 1997-ல் இனி எங்கள் ஊரில் இல்லை என்று அறிவித்தார்கள். பக்கத்து ஊர்களில் கடும் எதிர்ப்பு. அப்போது டெம்பா ஜவாரா என்ற வயதான இமாம் ஒரு விஷயத்தைப் பிடித்தார். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் எல்லாம் சேர்ந்து விட்டால்தான் விட முடியும், ஓர் ஊர் மட்டும் விட்டால் அந்த ஊர்ப் பெண்களை யார் கட்டிக்கொள்வார்கள்? அவர் உறவுக்கார ஊர்களுக்கு ஒவ்வொன்றாக நடந்தே போய்ப் பேசினார். 1998-ல் 13 ஊர்கள் ஒன்றாகக் கைவிட்டன. தடைச் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. சம்பந்தம் பேசும் இடத்தில் போட்ட முடிச்சை அங்கேயே போய் அவிழ்த்த மனிதர். எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

அதற்காகச் சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. காம்பியாவில் 2015-ல் கொண்டுவந்த தடையை நீக்க 2024-ல் மசோதா வந்தது. மார்ச் மாதம் அதை அடுத்த கட்டத்துக்கு அனுப்ப 42 பேர் ஆதரவு, எதிர்த்தவர்கள் நான்கே பேர். ஜூலையில் அதே அவை அதை நிராகரித்தது. இடைப்பட்ட மாதங்களில், சிதைப்புக்கு உள்ளான பெண்கள் தங்கள் உடம்புக்கு நேர்ந்ததைப் பொதுவெளியில் எடுத்துச் சொன்னார்கள். சட்டம் என்று ஒன்று இருந்ததால்தான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. 2017-ல் உச்ச நீதிமன்றத்துக்கு மனு போனது. அரசுத் தரப்பு முதலில் இதுபற்றி அதிகாரபூர்வமான தரவு இல்லை என்றது. யாரிடமும் சொல்லாதே என்று வாயடைத்து வைத்த விஷயத்துக்குத் தரவு எங்கிருந்து வரும்? 2018-ல் வழக்கு பெரிய அமர்வுக்குப் போனது. மத உரிமையா, குழந்தையின் உடலா என்ற கேள்வி அங்கே நிற்கிறது.

என் தோழியின் மகளுக்கு இந்த வருடம் ஏழு வயது. இப்போது பாட்டி இடத்தில் இருப்பது தோழியின் அம்மா. அன்பான மனுஷி, எனக்கும் தெரியும். போனில் வாரம் ஒருமுறையாவது பேச்சை அங்கே கொண்டுவந்துவிடுகிறார். "முன்ன மாதிரி இல்லம்மா. இப்ப டாக்டரே பண்றாங்க. புள்ளைக்கு வலிக்காது."

இந்த விடுமுறைக்குத் தோழி மகளைத் தனியாகப் பாட்டி வீட்டுக்கு அனுப்பவில்லை. அலுவலகத்தில் பத்து நாள் விடுப்புச் சொல்லிவிட்டுத் தானும் கூடவே போயிருக்கிறாள். இரவில் மகளைச் சுவரோரம் படுக்கவைத்து, இந்தப் பக்கம் தான் படுத்துக்கொள்வதாக நேற்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள்.